சிபிஆருக்கு "செயற்கை சுவாசம்"னு யாருங்க பேரு வெச்சது?

போன ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மென்ட்ல முதலுதவி வகுப்பு. பார்க்கிங்ல பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தாங்க, "செயற்கை சுவாசப் பயிற்சி முகாம்"னு. பாத்ததும் எனக்கு பத்திக்கிச்சு. உள்ள சொல்லிக்குடுத்தது சிபிஆர், அதாவது இதயம் நின்னுபோன ஆளுக்கு நெஞ்ச அமுக்கி, மூச்சு ஊதி உயிர மீட்கப் பாக்குற முதலுதவி. ஒன்றரை மணி நேரத்துல முக்காவாசி பொம்மையோட நெஞ்ச அமுக்குற வேலைதான். மூணாவது மாடி மாமி ஃபிளெக்ஸ படிச்சுட்டு "வாயோட வாய் வெக்கணுமாமே, அதெல்லாம் நம்மாள ஆகாதுப்பா"ன்னு திரும்ப லிஃப்ட் ஏறிட்டாங்க. பேர படிச்சே ஒருத்தங்க வகுப்புக்கு வராம போயாச்சு.

பேப்பர்லயும் இதே கூத்துதான். மயங்கி விழுந்தவருக்கு செயற்கை சுவாசம் குடுத்து காப்பாத்தின போலீஸ்காரர்னு போடுவாங்க, வீடியோவ பாத்தா அந்த மனுஷன் ரெண்டு கையையும் கோத்து நடு நெஞ்சுல அமுக்கிட்டிருப்பார், வாய் பக்கமே போயிருக்க மாட்டார்.

சிபிஆரோட முழுப்பேரு கார்டியோபல்மனரி ரிசசிடேஷன். கார்டியான்னா கிரேக்கத்துல இதயம், பல்மோன்னா லத்தீன்ல நுரையீரல், ரிசசிடேஷனும் லத்தீன்தான், திரும்ப எழுப்புறது. அவ்ளோதான் பிறப்பு ரகசியம். ஆனா இது ரெண்டு வேற வேற வித்தைய ஒட்டவெச்சது. வாய் வழியா ஊதுறது பலன் தரும்னு 1950கள்ல காட்டினவங்க பீட்டர் சஃபார், ஜேம்ஸ் எலாம்னு ரெண்டு டாக்டருங்க. நெஞ்ச அமுக்குறது அமெரிக்காவோட பால்டிமோர்ல, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல வந்தது. அங்க நாய்க்கு ஷாக் குடுத்து ஆராய்ச்சி பண்ணும்போது, கரண்ட் விடுறதுக்கு முன்னாடியே, பேடில்ஸ, அதான் ஷாக் குடுக்குற தகட்ட, நெஞ்சுல அழுத்தினாலே ரத்த அழுத்தம் லேசா ஏறுறத நிக்கர்பாக்கர்ங்கிற ஆராய்ச்சியாளர் கவனிச்சார். அத புடிச்சுக்கிட்டு அவரும் கூட வேலை பாத்த கொவென்ஹோவனும் ஜூடும் 1960ல கட்டுரை போட்டாங்க. ஆக செயற்கை சுவாசம்ங்கிறது இதுல ஒரு பங்கு, அதுவும் சின்ன பங்கு. 30 தடவ அமுக்கினா 2 தடவ ஊதணும், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. கண்ணு முன்னாடி வளர்ந்த ஆளு ஒருத்தர் திடீர்னு சுருண்டு விழுந்தா, பயிற்சி இல்லாதவங்க வெறும் கையால அமுக்கினாலே போதும்னு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2008லயே சொல்லிடுச்சு. தண்ணில மூழ்கினவங்க, குழந்தைங்க, இவங்களுக்கு மூச்சும் கட்டாயம், அத நான் மறுக்கல.

இதுல உயிருக்கே உலை வெக்கிற சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. இதயம் நின்னுபோன ஆளு சில நேரம் முதல் சில நிமிஷம் வாயப் பொளந்து விட்டு விட்டு மூச்ச இழுப்பார், நம்ம ஊர்ல "இழுத்துக்கிட்டு கிடக்கு"ன்னு சொல்லுவோமே, அதே மாதிரி. அது மூச்சு இல்ல, மூளை கடைசியா தள்ளுற தள்ளு. அப்பதான் உடனே அமுக்க ஆரம்பிக்கணும். ஆனா "செயற்கை சுவாசம்"னு மண்டைல ஏத்தி வெச்சவன் என்ன நினைப்பான்? இயற்கையாவே மூச்சு வருதே, செயற்கை எதுக்குன்னு கைய கட்டிட்டு நிப்பான். தப்பு அவன் மேல இல்ல, அந்த பேரு மேல.

சரி, தூய தமிழ்க்காரங்க என்ன வெச்சிருக்காங்க? "இதய நுரையீரல் புத்துயிர்ப்பு". பழந்தமிழ்ல உயிர்ப்புன்னாலே மூச்சு, நெட்டுயிர்ப்புன்னா பெருமூச்சு, அதனால சொல் அழகுதான், ஒத்துக்குறேன். ஆனா இன்னிக்கு உயிர்ப்புன்னா பாதி பேருக்கு ஈஸ்டர்தான் ஞாபகம் வரும். அதோட ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுல விழுந்து கிடக்கும்போது "யாராவது இதய நுரையீரல் புத்துயிர்ப்பு அளியுங்கள்"னு கத்தி முடிக்கிறதுக்குள்ள 108 வந்துடும். இன்னொரு குரூப் "நெஞ்சழுத்தம்"னு எழுதுது. அய்யா, நெஞ்சழுத்தம்னா தமிழ்ல திமிரு, கல்மனசு! "அவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்கவும்"னு படிச்சா சிரிக்கிறதா அழுவுறதா. "இதய மசாஜ்"னும் சொல்றாங்க, அந்த 1960 கட்டுரைலயே மசாஜ்னுதான் இருக்கு, அதுக்காக நாமளும் எண்ணெய் தேய்ச்சு நீவி விடுற மாதிரியே நினைச்சுக்கணுமா? நிமிஷத்துக்கு 100லேந்து 120 தடவ அமுக்கணும், ஒவ்வொண்ணும் அஞ்சு சென்டிமீட்டராவது இறங்கணும், ஆறுக்கு மேல போகக்கூடாது. நான் பொம்மைய ரெண்டு நிமிஷம் அமுக்கினதுல சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு, சரியா இறங்கினா அது உள்ள "டக்"குன்னுது, ஒண்ணரை நிமிஷத்துக்கு அப்புறம் எனக்கு அந்த டக்கே வரல. அதனாலதான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க ஆள் மாத்த சொல்றாங்க.

என் ஓட்டு "நெஞ்சமுக்கு"க்கு. அமுக்குறதுன்னா பணத்த அமுக்குறது, ஆள அமுக்குறது, ராத்திரி வந்து உக்கார்ற அமுக்குவான் பேய் எல்லாம் ஞாபகம் வருதுன்னு தம்பி கிண்டல் பண்றான், வரட்டுமே, கை எங்க போகணும், என்ன பண்ணணும்னு சொல்லுதா இல்லயா? எழுத்துல வேணும்னா நெஞ்சமுக்கல்னு போட்டுக்கோங்க, ஆஸ்பத்திரில சிபிஆர்னே இருக்கட்டும். முதலுதவின்னு ஒரு சொல்ல பாருங்க, முதல்ல பண்ற உதவி, ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்கும் புரியும். அத உண்டாக்கினவங்க கை இப்ப எங்க போச்சுன்னு தெரியல. இப்ப மொழிபெயர்க்கிறவங்களுக்கு கார்டியாக் அரெஸ்டும் மாரடைப்பு, ஹார்ட் அட்டாக்கும் மாரடைப்பு. ரத்தக்குழாய் அடைச்சா மாரடைப்பு சரி, ஏன்னா பேர்லயே அடைப்பு இருக்கு. துடிப்பே நின்னுட்டா அது இதயநிறுத்தம், அங்கதான் நெஞ்சமுக்கு வேணும். நெஞ்சு வலிக்குதுன்னு பேசிட்டிருக்கிற ஆள படுக்கப்போட்டு யாரும் அமுக்கிடாதீங்க சாமி.

வாட்ஸப் குரூப்ல இத்தனையும் டைப் பண்ணி போட்டேன். செக்ரெட்டரி பதில் போட்டாரு: "சார், அடுத்த மாச முகாமுக்கும் அதே ஃபிளெக்ஸ்தான், தேதி மட்டும் ஒட்டிக்கலாம்னு இருக்கோம்."