மேனேஜ்டு கேர்: தமிழில் என்ன சொல்வது?

‘மேனேஜ்டு கேர்’ என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நிர்வகிக்கப்பட்ட பராமரிப்பு’ என்று வரும். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. யார் நிர்வகித்தார்? எதை நிர்வகித்தார்? ‘பட்ட’ என்று முடிகிறதே, பராமரிப்பு முடிந்துபோயிற்றா?

அமெரிக்காவில் ஏழைகளுக்கும் உடற்குறை உள்ளோருக்கும் அரசு தரும் மருத்துவ உதவியான மெடிகெய்ட் பெரும்பாலும் இந்தத் தொடர் குறிக்கும் ஏற்பாட்டில்தான், அதாவது நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை ஒரு நிறுவனத்திடம் அரசு ஒப்படைக்கும் முறையில்தான் நடக்கிறது. அங்கே பக்கவாதத்தில் படுத்த ஒரு முதியவரைக் காலையில் குளிப்பாட்ட ஆள் வருமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரும் என்பதை இந்த ஏற்பாடுதான் தீர்மானிக்கிறது. அத்தனை கனமான சொல்லை அரைகுறையாகத் தமிழில் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வேரிலிருந்து தொடங்கலாம். ‘மேனேஜ்’ என்ற வினை 16ஆம் நூற்றாண்டில் குதிரை பழக்கும் களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரையைப் பழக்குவதைக் குறித்த இத்தாலியச் சொல் ‘மனெஜ்ஜாரே’; அதற்கும் அடியில் இருப்பது லத்தீனில் கையைக் குறிக்கும் ‘மனுஸ்’. கடிவாளம் பிடித்த கை. தமிழின் ‘கையாளுதல்’ கிட்டத்தட்ட இதே வழியில் பிறந்த சொல். ‘கேர்’ என்பதன் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் துயரம், கவலை என்றே பொருள். ‘கியூர்’ என்ற சொல்லைத் தந்த லத்தீன் ‘கூரா’வோடு அதற்கு உறவில்லை, ஒலியைக் கேட்டு ஏமாறுவோர் உண்டு. ஒருவருக்காகக் கவலைப்படுதல் என்பது காலப்போக்கில் அவரைக் கவனித்துக்கொள்ளுதல் ஆயிற்று. ஆக, மேனேஜ்டு கேர் என்பது கடிவாளம் போட்ட கவலை.

வேர்ச்சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்பாட்டின் அச்சாணி பணம். அது இந்தத் தொடரில் தென்படவே இல்லை. அதற்கான சொல் ‘கேபிடேஷன்’. லத்தீனில் ‘காபுட்’ என்றால் தலை. தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் தனியார் கல்லூரிகளின் கட்டாய நன்கொடைதான் நினைவுக்கு வரும். அதைத் தடைசெய்ய 1992இல் சட்டமே வந்தது. அமெரிக்க மருத்துவத்தில் பொருள் வேறு. அங்கே மாநில அரசு ஒரு நோயாளிக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். அந்த மாதம் அவர் நலமாக இருந்தாலும், மருத்துவமனையில் கிடந்தாலும் அதே தொகை. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு எண்ணி வரி பிரிப்பதைக் கண்டவர்களுக்கு, தலையை எண்ணிக் கணக்குப் போடுவது புதிதல்ல. திருவிழாவில் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிறார்கள், மெடிகெய்டில் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுக்கிறது.

வீடு கட்டியவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். கொத்தனாருக்கு நாள் கூலி கொடுத்தால் வேலை இழுத்துக்கொண்டே போகும். வேலை முழுவதையும் மொத்தமாகப் பேசிவிட்டால் சீக்கிரம் முடியும்; ஆனால் கலவையில் சிமெண்ட் போதுமா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகப் பில் போடும் பழைய முறை நாள் கூலி. மேனேஜ்டு கேர் மொத்தமாகப் பேசிய வேலை. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது அரசு.

தொடக்கத்தில் இந்த எண்ணம் நல்லதாகவே இருந்தது. 1930களில் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுபோகும் கால்வாய் வேலை நடந்தது. அங்கே சிறிய மருத்துவமனை வைத்திருந்த சிட்னி கார்ஃபீல்ட் என்ற மருத்துவர் கடனில் தத்தளித்தார். தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் என்று மருத்துவரிடம் முன்பணமாகக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடாயிற்று. அதோடு கணக்கே தலைகீழானது: தொழிலாளி காயம்படாமல் இருப்பதே மருத்துவருக்கும் லாபம். கைசர் பெர்மனென்டே என்ற பெரிய அமைப்பு இதிலிருந்துதான் வளர்ந்தது. 1970 வாக்கில் பால் எல்வுட் என்ற மருத்துவர் இத்தகைய அமைப்புகளுக்கு ‘உடல்நலம் காக்கும் அமைப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் சூட்டினார். 1973இல் அதிபர் நிக்சன் காலத்தில் அதற்குச் சட்டமும் வந்தது.

மெடிகெய்ட் அதற்கு முன்பே, 1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. முதியோருக்கான மெடிகேரும் அதே சட்டத்தில் பிறந்த உடன்பிறப்புதான். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மெடிகெய்டில் மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவழிக்கின்றன, நடத்துவது மாநிலம். கடைசியாக 1982இல் சேர்ந்த அரிசோனா, முதல் நாளிலிருந்தே தலைக்கு இவ்வளவு என்ற முறையில் நடத்தியது. அதற்கு மத்திய அரசின் விதிகளிலிருந்து விலக்கு வாங்க வேண்டியிருந்தது. 1997இல் வந்த சட்டம் பெரும்பாலோரை விலக்கு இல்லாமலே இம்முறைக்குள் கொண்டுவர மாநிலங்களுக்கு வழிவிட்டது. இன்று மெடிகெய்ட் பயனாளிகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் இப்படிப்பட்ட நிறுவனங்களின் பொறுப்பில் இருக்கிறார்கள்.

இனி, இந்த உதவியை அதிகம் நம்பியிருப்போரைக் குறிக்கும் ‘வல்னரபிள் அடல்ட்ஸ்’ என்ற தொடர். லத்தீனில் ‘வுல்னுஸ்’ என்றால் காயம். எளிதில் காயப்படக்கூடியவர் என்பது நேர்ப்பொருள். ‘நலிந்தோர்’ என்று நாம் எழுதுவது முழுதும் பொருந்தாது. நலிவு ஏற்கெனவே நடந்துவிட்டது. இந்தச் சொல்லோ இனி நேரக்கூடிய ஊறைப் பற்றிப் பேசுகிறது. ‘காப்புத் தேவைப்படுவோர்’ என்பது எனக்கு ஏற்புடையது. அரசுக்கு இருக்கும் கடமையையும் அது சொல்லிவிடுகிறது.

இவர்கள் விஷயத்தில்தான் மொத்தமாகப் பேசிய வேலையின் நன்மையும் ஆபத்தும் ஒருங்கே தெரிகின்றன. சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் 1970களில் ‘ஆன் லோக்’ என்ற அமைப்பு தொடங்கியது. கான்டனீஸ் மொழியில் அமைதியும் மகிழ்ச்சியும் உள்ள இல்லம் என்று பொருள். முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டிய நிலையில் இருந்தவர்களைத் தங்கள் வீட்டிலேயே வாழவைப்பது அதன் நோக்கம். மருத்துவர், செவிலியர், சாப்பாடு, வாகனம் எல்லாம் ஒரே குழுவின் பொறுப்பு. தலைக்கு மாதத் தொகை. பின்னாளில் நாட்டுக்கே முன்மாதிரி ஆனது. விஸ்கான்சின் மாநிலம் 2000இல் தொடங்கிய ‘ஃபேமிலி கேர்’ திட்டமும் தளர்ந்த முதியோருக்கும் உடற்குறை உள்ளோருக்குமான நெடுநாள் உதவியை இதே வழியில் தருகிறது.

மறுபக்கமும் உண்டு. கொடுக்காமல் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு மணி நேர உதவியும் நிறுவனத்துக்கு வரவு. மத்திய நலத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆய்வுக்கு எடுத்த நிறுவனங்கள் 2019இல் முன் அனுமதி கேட்டு வந்த விண்ணப்பங்களில் எட்டில் ஒன்றை மறுத்தன. தானே எழுந்து உட்கார முடியாத ஒருவர், மறுப்புக் கடிதத்தை எதிர்த்து மேல்முறையீடு எழுதுவார் என்று எதிர்பார்ப்பது கொடுமை. கனெக்டிகட் மாநிலம் 2012இல் இம்முறையையே கைவிட்டு, நிறுவனங்களை நிர்வாக வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சிகிச்சைச் செலவைத் தானே நேராகக் கொடுக்கத் தொடங்கியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மேலாண்மை மருத்துவம்’ என்றால் வணிகப் படிப்பு போலத் தொனிக்கிறது. ‘காப்பீட்டுத் திட்டம்’ என்றால் தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்போல, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குப் பணம் போவதாகத் தோன்றும். அன்றாடம் வீட்டுக்கு வந்து கவனிப்பது அதில் அடங்காது. வள்ளுவர் 950ஆம் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக ‘உழைச்செல்வான்’ என்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து கவனிப்பவர். காப்புத் தேவைப்படுவோருக்கு அந்த நான்காமவர்தான் முதலில் வேண்டும்.

அதனால் நான் வைக்கும் சொற்கள் இவை. கேபிடேஷனுக்குத் ‘தலைவீதக் கட்டணம்’. தலைக்கு இவ்வளவு என்ற வழக்கை ஒட்டியது, கல்லூரி நன்கொடையோடு குழம்பாது. நெடுநாள் உதவிக்கு ‘நெடுநாள் பேணல்’. மேனேஜ்டு கேருக்குப் ‘பொறுப்பேற்பு மருத்துவம்’. அதை நடத்துவது ‘பொறுப்பேற்ற நிறுவனம்’. முன் அனுமதி, இன்ன மருத்துவரிடம்தான் போகலாம் என்ற கட்டுப்பாடு ஆகியவை இந்தச் சொல்லில் வெளிப்படையாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தியில் வைத்துப் பாருங்கள்: ‘வாரத்துக்கு 20 மணி நேரம் கேட்ட முதியவருக்கு, பொறுப்பேற்ற நிறுவனம் 8 மணி நேரமே அளித்தது.’ யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.