33 டிகிரிதானே என்று சொல்லாதீர்கள்

போன சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு ஒரு அப்பா தன் எட்டு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். பின்னாலேயே அம்மா, கையில் பையனுடைய சட்டை. கை கழுவும் தொட்டியில் அதைப் பிழிந்தார். சொட்டுச் சொட்டாக இல்லை, ஒழுகியது. “இவ்வளவு வேர்த்திருக்கே டாக்டர், அப்புறம் எப்படி உடம்புல சூடு ஏறும்?” என்று கேட்டார். இந்தப் பள்ளி விடுமுறையில் இதே கேள்வியோடு என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போயிருக்கிறார்கள். பசியாறிவிட்டு, சித்தப்பா வீட்டார் வந்து சேரும்வரை காத்திருந்து, பத்தரை மணிக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அங்கே உள்ள ஆமைப் பாதுகாப்பு மையத்தைப் பையனுக்குக் காட்ட ஆசை. நல்ல ஆசைதான். திரும்பும் வழியில், ஏற்றத்தில், பையன் உட்கார்ந்துவிட்டான். “நடக்க மாட்டேன்” என்று அழுதிருக்கிறான். சோம்பேறித்தனம் என்று நினைத்து அப்பா அதட்டியிருக்கிறார். அரை மணி நேரத்தில் வாந்தி.

“நாங்க அமெரிக்காவுல பாலைவனத்துலயே பிள்ளைங்களோட நடந்திருக்கோம் டாக்டர். ஒன்னும் ஆகல. இங்க 33 டிகிரிதானே?” என்றார் அப்பா.

அவர் சொன்னது யூட்டா மாநிலத்தின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. டெலிகேட் ஆர்ச் என்ற கல் வளைவுக்குப் போய்வர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், வழியில் நிழல் என்று சொல்ல எதுவும் இல்லை. எந்த மாதம் போனீர்கள் என்று கேட்டேன். அக்டோபராம். காலை ஏழு மணி, எல்லோரும் ஜாக்கெட் போட்டிருந்தார்களாம். ஆளுக்கொரு பையில் தண்ணீர், தொப்பி, உப்புப் பிஸ்கட். பாலைவனம் என்றதும் பயந்து, கேட்டு விசாரித்துப் போயிருக்கிறார்கள். நம்ம ஊர்க் காடு என்றதும் நாலு பேருக்கு ரெண்டு பாட்டில்.

வேர்ப்பதால் உடம்பு குளிராது. அந்த வேர்வை காய்ந்தால்தான் குளிரும். இதை எத்தனை முறை சொன்னாலும் பெற்றோர் காதில் ஏற மாட்டேன் என்கிறது. மண்பானையை நினைத்துப் பாருங்கள். மதுரைப் பக்கம் சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். பானைச் சுவரில் கசியும் ஈரம் வறண்ட காற்றில் காயும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதே பானையைப் பினாங்கில் ஒரு மழைநாளில் வைத்தால், வெளிப்புறம் ஈரமாகவே கிடக்கும், உள்ளே தண்ணீர் அவ்வளவாகக் குளிராது. நம் தோலும் அந்தப் பானைதான். ஒரு லிட்டர் வேர்வை முழுதாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். அந்த அம்மா தொட்டியில் பிழிந்த வேர்வை எந்தச் சூட்டையும் கொண்டுபோகவில்லை. பையன் உடம்பிலிருந்த நீரும் உப்பும் வீணானதுதான் மிச்சம்.

கணக்காகவும் சொல்லிவிடுகிறேன். தெர்மாமீட்டரின் முனையில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால், ஈரம் காய்ந்து எவ்வளவு தூரம் குளிரும் என்று தெரியும். 40 டிகிரி, 10 சதவீத ஈரப்பதம் உள்ள பாலைவனத்தில் அது 19 டிகிரிக்கும் கீழே இறங்கும். 33 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள நம் காட்டில் 28 டிகிரியோடு நின்றுவிடும். உடம்புக்கு முக்கியமான கணக்கு இதுதான். மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவின் வெப்ப எச்சரிக்கை, தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டால்தான் முதல் நிலைக்கே வரும். அதில் ஈரப்பதம் சேராது. எச்சரிக்கை இல்லை என்பதை மலையேறக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதனால் பாலைவனம் பாதுகாப்பானது என்று சொல்ல வரவில்லை. அங்கே வேர்வை கண்ணில் படும் முன்பே காய்ந்துவிடும், எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று அங்குள்ள பூங்காக்கள் சொல்வது அதனால்தான். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்காதீர்கள் என்று கிராண்ட் கேன்யனில் எச்சரிக்கிறார்கள். அந்த நேர விதியை இங்கேயும் கடைப்பிடியுங்கள்.

“காட்டுக்குள்ள நிழல்தானே டாக்டர்” என்பது அடுத்தது. மரம் வெயிலை மறைக்கும், கூடவே காற்றையும் மறைக்கும். கைக்குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஏறுபவர்கள் இதைக் கவனியுங்கள். உங்கள் உடம்புச் சூடு முழுவதும் அந்தப் பிஞ்சின் மேல்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் காற்றுப் படவிடுங்கள்.

பூங்கா வாசலில் பதிவு தொடங்கும்போதே போய் நில்லுங்கள். பிந்திவரும் உறவினர்கள் போட்டில் வந்து சேரட்டும். நீங்களும் திரும்பும்போது போட் எடுங்கள், பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி போட்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி தண்ணீர், சின்னவர்களுக்கு அதற்கும் குறைவாக, கேட்காவிட்டாலும் கொடுங்கள். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைக்குத் தாகம் தெரியாது. நீண்ட நடை என்றால் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பொட்டலம் ரெண்டு பையில் இருக்கட்டும். முந்தின நாள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்த பிள்ளையைத் தயவுசெய்து கூட்டிப்போகாதீர்கள். தூக்கம் வரவைக்கும் சளி மருந்து சாப்பிடும் பிள்ளையையும்தான். அந்த மருந்துகளில் பல வேர்வையைக் குறைக்கும்.

பிள்ளை திடீரென எரிந்து விழுந்தால், பின்தங்கினால், தலை வலிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பையையும் காலணியையும் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். தள்ளாட்டம், பேச்சுக் குழறல், அரைமயக்கம், வலிப்பு என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடனே 999. ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். நினைவு தெளிவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. வேர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பதும் தவறு. ஓடி நடந்து வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் பிள்ளை தொப்பலாக நனைந்திருக்கலாம்.

இந்தப் பையனுக்கு வழியில் காய்ச்சல் மருந்தான பெனடோல் கொடுத்திருந்தார்கள். இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது. உடம்பு சிலிர்க்கிறது என்று கனமான துண்டால் வேறு சுற்றியிருந்தார்கள். காரில் காது தெர்மாமீட்டர் 37.6 காட்டியதாம். வேர்த்துக் கிடக்கும் பிள்ளைக்கு அது குறைத்துத்தான் காட்டும். ஆசனவாய் வழியாகப் பார்த்தேன், 39.2. கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னதால் இங்கேயே துண்டை எடுத்துப்போட்டு, நனைத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, வாந்தி நின்றதும் ஓஆர்எஸ்ஸை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் சூடு தணிந்து, ஆமை எங்கே தூங்கும் என்று கேட்க ஆரம்பித்தான். ஐந்தரை மணிக்குச் சிறுநீர் கழித்தான், கெட்டியான டீ நிறத்தில். ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு அனுப்பினேன், நல்லவேளை, சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவன் ஒருமுறைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை என்பது நான் கேட்ட பிறகுதான் அவர்கள் இருவருக்கும் நினைவுக்கு வந்தது.