சிபேப் கருவிக்கு மெடிகேர் எப்படிப் பணம் தருகிறது?

அமெரிக்காவில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நிற்கும் கோளாறு, என்று தெரிந்தால், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் கருவியைப் போட்டுக்கொண்டு தூங்கும்படி டாக்டர் சொல்வார். உடனே வீட்டில் எழும் முதல் கேள்வி, "மெடிகேர் இந்த மெஷினுக்குப் பணம் கொடுக்குமா?" என்பதுதான். கொடுக்கும். ஆனால் முக்கியமாக 65 வயதானவர்களுக்கான இந்த அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு, கருவியை ஒரேயடியாக வாங்கித் தந்துவிடாது. 13 மாதம் வாடகை கட்டும். அதற்குப் பிறகே கருவி உங்கள் சொத்து. அந்த வாடகையும், நோயாளி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாரா என்று பார்த்துத்தான் தொடரும். பார்ப்பது வேறு யாருமில்லை, கருவியேதான். ஒவ்வோர் இரவும் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை அது பதிவு செய்துகொண்டே இருக்கும்.

முதலில், மெடிகேர் யாருக்கு உண்டு? 65 வயதாகி, தாமோ கணவரோ மனைவியோ பத்து ஆண்டுகள் வேலை செய்து வரி கட்டியிருந்தால் சிக்கலில்லை. பிள்ளைகள் வரவழைத்து கிரீன் கார்டு பெற்ற பெற்றோர், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் குடியிருந்த பிறகு பிரீமியம் கட்டிச் சேரலாம். விசிட்டர் விசாவில் வந்திருப்பவர்களுக்கு இதில் இடமில்லை.

கருவிக்கான பணம் பார்ட் பி-யிலிருந்து, அதாவது டாக்டர் செலவையும் கருவிகளையும் கவனிக்கும் மெடிகேர் பிரிவிலிருந்து, வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை, உங்கள் கையிலிருந்து போகும். 2025இல் அது 257 டாலராக இருந்தது. அதன் பிறகு மெடிகேர் ஒப்புக்கொண்ட விலையில் 80 சதவீதத்தை அது கட்டும், 20 சதவீதம் உங்கள் பங்கு. மெடிகேப் என்ற தனியார் துணைப் பாலிசி வைத்திருந்தால் பெரும்பாலும் அந்த 20 சதவீதத்தையும் அது ஏற்றுக்கொள்ளும். தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் திட்டமான மெடிகேர் அட்வாண்டேஜ் எடுத்தவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் அந்த நிறுவனம் முன் அனுமதி கேட்கலாம், தன் பட்டியலில் உள்ள கடையில்தான் வாங்க வேண்டும் என்றும் சொல்லலாம்.

முதல் படி, டாக்டரை நேரில் பார்ப்பது. குறட்டை, பகல் தூக்கம், ரத்த அழுத்தம் எல்லாம் அவருடைய குறிப்பில் ஏற வேண்டும். அதன் பிறகுதான் தூக்கப் பரிசோதனை. ஆய்வகத்தில் ஓர் இரவு படுத்தும் செய்யலாம். வீட்டிலேயே சிறு கருவியை மாட்டிக்கொண்டும் செய்யலாம், மெடிகேர் இரண்டையும் ஏற்கிறது. சிபேப் விற்கும் கடைக்காரரே வீட்டுப் பரிசோதனையையும் நடத்தித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அந்தப் பரிசோதனைக் கருவியைக் கொண்டுவந்து கொடுப்பதில்கூட விற்பனையாளருக்குப் பங்கு இருக்கக் கூடாது என்பது விதி.

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதே பரிசோதனை தரும் எண். 15 அல்லது அதற்கு மேல் என்றால் மெடிகேர் ஏற்கும். 5 முதல் 14 என்றால் எண் மட்டும் போதாது: மிகுதியான பகல் தூக்கம், நினைவுத் தடுமாற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை, உயர் ரத்த அழுத்தம், இதயநோய், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மருத்துவக் குறிப்பில் இருக்க வேண்டும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூச்சு குறைவதை எண்ணும்போது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது 4 சதவீதம் இறங்கியிருந்தால்தான் மெடிகேர் அதைக் கணக்கில் எடுக்கும். 3 சதவீதம் இறங்கினாலே எண்ணும் முறையும் மருத்துவ உலகில் புழக்கத்தில் இருக்கிறது. பல ஆய்வகங்கள் அதைப் பின்பற்றுகின்றன. ஆகவே அறிக்கையில் 17 என்று இருப்பது மெடிகேரின் கணக்கில் 9 ஆக இறங்கிவிடலாம். நோய் அதேதான், மூச்சும் அதேதான், அளவுகோல்தான் வேறு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி இருக்கும்வரை, "4 சதவீதக் கணக்கில் எவ்வளவு?" என்று ஆய்வகத்தில் கேட்டு, அந்த எண்ணை அறிக்கையில் எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

கருவி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 12 வாரங்கள் சோதனைக் காலம். இந்த முதல் மூன்று மாதத்துக்குள் ஏதாவது தொடர்ச்சியான 30 நாட்களில், 70 சதவீத இரவுகளில், இரவுக்கு நான்கு மணி நேரமாவது கருவி ஓடியிருக்க வேண்டும். அதாவது 30க்கு 21 இரவுகள். முதல் மாதம் மாஸ்க்கோடு மல்லுக்கட்டி வீணாகப் போனாலும் பரவாயில்லை, இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் தேறிவிடலாம். நடுவில் எழுந்து பாத்ரூம் போய்வந்தால் மறுபடியும் மாஸ்க்கைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வயதானவர்கள் பலர் விடியற்காலை மூன்று மணிக்குக் கழற்றி வைத்ததோடு சரி. கணக்கு உதைப்பது அங்கேதான்.

மணிக்கணக்கு மட்டும் போதாது. 31ஆம் நாளுக்கும் 91ஆம் நாளுக்கும் இடையில் மறுபடியும் டாக்டரைப் பார்த்து, கருவியால் பலன் தெரிகிறது என்று அவர் எழுத வேண்டும். 25ஆம் நாள் பார்த்தது செல்லாது. அமெரிக்காவில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற அழகைப் பார்த்தால், கருவி வந்த அன்றே இந்தத் தேதியை வாங்கிவைப்பது நல்லது. தவறவிட்டால் மெடிகேர் வாடகையை நிறுத்திவிடும். மணிக்கணக்கில் தேறாதவர் மறுபடியும் தகுதி பெற, ஏன் முடியவில்லை என்று டாக்டர் ஆராய்ந்து எழுத வேண்டும். பரிசோதனையையும் ஆய்வகத்தில் படுத்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆகவே அந்த மூன்று மாதத்துக்குள் ஊருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். பேத்தி கல்யாணமே என்றாலும் கருவி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், கல்யாணத்தை அல்ல. சோதனைக் காலம் முடிந்த பிறகு தாராளமாகக் கையோடு எடுத்துச் செல்லலாம். பெரும்பாலான கருவிகள் 240 வோல்ட்டையும் தாங்கும், பிளக் அடாப்டர் மட்டும் போதும். ஆனாலும் கருவியின் அடியில் எழுதியிருப்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அமெரிக்க விதிப்படி விமானத்தில் இது மருத்துவக் கருவி, கைப்பை எண்ணிக்கையில் சேராது.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "மெடிகேர் விலையை முழு விலையாக ஏற்றுக்கொள்கிறீர்களா?" ஏற்காத கடைக்காரர் அதற்கு மேல் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு இந்த வகைக் கருவிகளில் உச்சவரம்பு கிடையாது.

மாஸ்க், குழாய் ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், தலைப்பட்டை, ஈரப்பதத் தொட்டி ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், தூக்கி எறியும் ஃபில்டரை மாதத்துக்கு இரண்டும் மாற்ற மெடிகேர் பணம் தரும். இதெல்லாம் உச்ச அளவு. கட்டாயம் வாங்க வேண்டும் என்றில்லை. உங்களைக் கேட்காமல் கடைக்காரர் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஐந்து ஆண்டுகள் ஆனால் புதுக் கருவியே கேட்கலாம். அப்போது புதிய பரிசோதனையும் சோதனைக் காலமும் தேவையில்லை, டாக்டரை நேரில் பார்த்து அவர் எழுதும் குறிப்பு போதும். 65 ஆவதற்கு முன்பே வேறு இன்சூரன்ஸில் கருவி வாங்கியவர்கள் பழைய பரிசோதனை அறிக்கையைத் தொலைத்துவிட வேண்டாம். மெடிகேர் அதைத்தான் கேட்கும்.

வேலை வழியாக வரும் தனியார் இன்சூரன்ஸிலும் இதே மணிக்கணக்கு பல இடங்களில் உண்டு. ஆனால் டிடக்டிபிள் பெரிதாக உள்ள பாலிசி என்றால், மாதாமாதம் கட்டும் வாடகையின் மொத்தம் கருவியை ரொக்கமாக வாங்கும் விலையைவிட அதிகமாகிவிடுவதும் நடக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு விலையையும் கேளுங்கள்.

இன்சூரன்ஸே இல்லாதவர்களுக்கு, தானே அழுத்தத்தைச் சரிசெய்யும் கருவி சுமார் 500 முதல் 1,000 டாலர் வரை ஆகும். ரொக்கத்துக்கு வாங்கினாலும் டாக்டரின் சீட்டு சட்டப்படி வேண்டும். அரசு உதவி பெறும் சமூக சுகாதார நிலையங்களில் வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்தில் டாக்டரைப் பார்க்கலாம். மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேமிக்கும் ஹெச்எஸ்ஏ கணக்கில் பணம் கிடந்தால் கருவிக்கும் மாஸ்க்குக்கும் அதைப் பயன்படுத்தலாம். தெரிந்தவர் தரும் பழைய கருவி என்றால் மாஸ்க், குழாய் எல்லாம் புதிதாக வாங்கி, அழுத்தத்தை உங்கள் சீட்டின்படி மாற்றிய பிறகே போட வேண்டும். அது பிலிப்ஸ் கருவியாக இருந்தால் வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் தொடாதீர்கள்: உள்ளே இருக்கும் நுரை சிதைந்து மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்று 2021 ஜூனில் அந்த நிறுவனம் லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற அறிவித்தது.