விமானந்தாங்கியைச் சரக்குக் கப்பலாக்காதீர்கள்

போன மாதம் இரண்டாம் உலகப்போர் பற்றிய ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். 1941 டிசம்பரில் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்திலிருந்து புறப்பட்டு, 10ஆம் தேதி மலாயாவின் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைப் பற்றி அங்கே ஒரு பலகை. தமிழ்ப் பகுதியில், இரண்டுக்கும் துணையாக ‘விமானப் போக்குவரத்துக் கப்பல்’ ஏதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “ஏன் தம்பி, சரக்குக் கப்பல் கூடப் போகலேன்னா போர்க்கப்பல் மூழ்கிடுமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பலகை அப்படித்தான் சொன்னது.

இந்தச் சொல்லை இங்கே நான் பார்ப்பது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அதனால்தான் எழுதுகிறேன். கடலிலேயே விமானங்கள் ஏறி இறங்கும் தளம் கொண்ட போர்க்கப்பலுக்கு ஆங்கிலத்தில் ஏர்கிராஃப்ட் கேரியர், தமிழில் விமானந்தாங்கி. கேரியருக்கு வேர் லத்தீனில் வண்டியைக் குறிக்கும் ‘காருஸ்’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர்க்கதை அவ்வளவுதான். அந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு ‘போக்குவரத்து’ என்று போட்டுவிட்டால் கப்பலின் வேலையே காணாமல் போகிறது.

இந்தக் கப்பலை வடிவமைத்தவர்கள் நூறு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டது விமானம் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்பதற்காகத்தான். 1917 ஆகஸ்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபியூரியஸ் கப்பலில் எட்வின் டன்னிங் முதன்முதலாக விமானத்தை இறக்கினார், ஐந்து நாள் கழித்து மறுபடி முயன்றபோது உயிரை விட்டார். 1918ல் முழுநீளத் தட்டையான மேல்தளத்தோடு ஆர்கஸ் வந்தது. அப்புறம் 1950களில் சாய்வான இறங்குதளமும், விமானத்தை உந்தி எறியும் நீராவிக் கவணும். இன்றைக்கும் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து வரும் விமானம், தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய எஃகு வடத்தில் வால்கொக்கியை மாட்டி, சுமார் நூறு மீட்டரில் நின்றாக வேண்டும்.

இப்போது ‘தாங்கி’யைப் பாருங்கள். ஊர்ச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் அதில் இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி தூக்கிக்கொண்டு போவார். இறங்க, இருக்க, கிளம்ப ஓர் இடம். இடிதாங்கியில் அதே சொல் அடியை வாங்கிக்கொண்டு நிற்பதைக் குறிக்கிறது. இறங்கும் விமானம் தளத்தில் மோதுகிற மோதல் அப்படிப்பட்டதுதான். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கும்போது ‘போக்குவரத்து’ எதற்கு? பெரியவரிடம் சுமைதாங்கிக் கல்லைச் சொன்னதும் அவருக்குக் கப்பலும் சட்டென்று விளங்கிவிட்டது.

‘விமானம் ஏற்றிச் செல்லும் கப்பல்’ என்றால் என்ன குறை என்று நண்பர் ஒருவர் வாதாடினார். 1982 ஃபாக்லாந்து போரில் அட்லாண்டிக் கன்வேயர் என்ற வணிகக் கப்பல் ஹாரியர் விமானங்களை ஏற்றிக்கொண்டு போனது. அங்கே போனதும் அவை ஹெர்மிஸ், இன்வின்சிபிள் என்ற இரண்டு விமானந்தாங்கிகளுக்கு மாறின, அங்கிருந்துதான் சண்டை போட்டன. ஏற்றிச் சென்றது ஒன்று, தாங்கியது வேறு. நண்பரின் சொல்லை வைத்து இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

‘விமானம்’ வடசொல், ‘வானூர்தி தாங்கி’ என்றுதான் எழுதவேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வலவன், அதாவது ஓட்டுநர், இல்லாமல் ஓடும் ‘வான ஊர்தி’ புறநானூற்றிலேயே இருக்கிறது, நல்ல சொல். ஆனால் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ‘விமானம்’ என்றுதான் சொல்கிறார், நானும் அப்படியே எழுதுகிறேன். என் கோபமெல்லாம் பொருளைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் மேல்தான். சீன மொழியில் இதை ‘வான் தாய்க்கப்பல்’ என்கிற பொருளில் சொல்கிறார்கள். பறந்து போனது திரும்பி வந்து சேரும் இடம் என்பது அதில் தெரிகிறது. நம் பலகையில் தெரிந்தது வெறும் சரக்கு.

எழுதும்போது விமானந்தாங்கிக் கப்பல் என்று சேர்த்தே எழுதுங்கள். விமானத்தின் ‘ம்’ இங்கே ‘ந்’ ஆகும், கப்பலுக்கு முன்னால் ‘க்’ வரும்.