கங்கு கனியும் அறையில் படுக்காதீர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் ஊட்டி, அவலாஞ்சி பக்கம் விடியலில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாய்ப் படிந்து கிடக்கும். அந்த மாதங்களில் மலையில் பரவலாக ஒரு பழக்கம் உண்டு. இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்பில் மிஞ்சிய கங்கைச் சட்டியில் அள்ளிப் படுக்கும் அறையில் வைப்பது, குளிர் புகாமல் கதவு இடுக்கில் சாக்கைச் செருகுவது. சுற்றுலா வருகிறவர்கள் பார்பிக்யூ அடுப்பைக் கூடாரத்துக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே உயிரைக் குடிக்கும்.

"புகை அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை" என்று நினைப்பதில்தான் ஆபத்து. புகை இருந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து வெளியே ஓடிவிடுவோம். செக்கச் சிவந்த கங்கு விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, மூச்சும் முட்டாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். ஊட்டி இருப்பதோ 2,200 மீட்டருக்கு மேலே; சமவெளியைவிட ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் ஏறக்குறையக் கால் பங்கு குறைவு. நஞ்சுக்கு இது இன்னும் வசதி.

முதலில் தலைவலி. பிறகு தலைசுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி, மயக்கம். மலைப்பாதை வளைவுகளில் ஏறிவந்த அலுப்பு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்தது அதிகம் என்று எளிதாகத் தவறாக எண்ணிவிடலாம். ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே வந்ததும் குறைகிறது என்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், கரிதான். வீட்டு நாயோ பூனையோ சோர்ந்து கிடந்தால் அதையும் கவனியுங்கள். தோல் சிவக்கும் என்று காத்திருக்காதீர்கள். உயிரோடு இருப்பவர்களிடம் அந்தச் சிவப்பு அபூர்வம்.

கதவைத் தட்டியும் திறக்கவில்லையா? உள்ளே ஓடுவதற்கு முன் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்துவிடுங்கள். வெளியிலிருந்தே உடைக்க முடிந்தால் உடையுங்கள். காப்பாற்றப் போனவரும் அங்கேயே விழக்கூடும். நெருப்பின் புகைக்குக் குனிந்து தவழ்வது போல இதற்குத் தவழ்ந்து பயனில்லை, இந்த வாயு அறை முழுக்க ஒரே சீராகக் கலந்திருக்கும். சட்டியிலுள்ள நெருப்பை அணைக்க நிற்காமல் முதலில் ஆளை இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். இன்னொருவர் 108-ஐ அழைத்து "கரிப்புகை மயக்கம், இத்தனை பேர்" என்று தெளிவாகச் சொல்லட்டும்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். நினைவில்லை, ஆனால் மூச்சு சீராக இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை முட்டியில் மடக்கி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் தரைப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகாது. மூச்சில்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சு நடு எலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாய்வழி மூச்சும் கொடுக்க வேண்டும். எப்போதாவது ஒருமுறை வாயைப் பிளந்து இழுப்பதை மூச்சு என்று நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

வெளியே குளிர் கடுமையாக இருக்கும். கீழே ஒரு கம்பளி, மேலே ஒரு கம்பளி போடுங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள். சூடு காட்டுவதற்காக மறுபடி அந்த அறைக்குள் தூக்கிப் போக வேண்டாம். நினைவு தெளியாதவர் வாயில் காபி, மோர், எலுமிச்சைச் சாறு எதையும் ஊற்றாதீர்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி "98 காட்டுகிறதே" என்று ஆறுதல் அடைவது பெரிய பிழை. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் இந்த நஞ்சு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. எழுந்து நடக்கிறவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கர்ப்பிணி என்றால் கட்டாயம், ஏனெனில் வயிற்றிலுள்ள குழந்தையிடமிருந்து நஞ்சு மெதுவாகத்தான் நீங்கும். வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ள நஞ்சு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். ஆம்புலன்ஸ் மூடுபனியில் வளைந்து வளைந்துதான் வரும் என்பதால் வண்டியிலேயே ஆக்சிஜனைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால் போதும் என்பது பாதுகாப்பல்ல. சட்டியைச் சுற்றி வாசலில் உட்கார்ந்து காயுங்கள், படுக்கும்போது அது வெளியிலேயே இருக்கட்டும். படுக்கைக்கு வெந்நீர்ப் பை, இரட்டைக் கம்பளி போதும். காற்றுப்போக்கில்லாத குளியலறையில் ஓடும் கேஸ் கீசரும், மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்ட காரும் இதே வாயுவைத்தான் விடுகின்றன.

பிழைத்து வீடு திரும்பியவருக்குச் சில நாள் முதல் ஆறு வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் மறதி, நடையில் தள்ளாட்டம், குணமாற்றம், சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்பு தோன்றலாம். அப்போது மருத்துவரிடம் அந்தக் கரிச்சட்டி இரவைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.