முஹத்திஸா: நபிமொழி அறிஞர்

ஹதீஸ் (நபிமொழி) நூல்களின் தமிழாக்கங்களில் ‘அறிவிப்பாளர்: ஆயிஷா (ரலி)’ என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். அந்த இடத்துக்கு அது சரியான சொல்தான். ஆனால் ‘முஹத்திஸா’ என்ற அரபுச் சொல்லுக்கும் ‘அறிவிப்பாளர்’ என்றே எழுதிவிட்டால், மார்க்கச் சட்டத்தையே வடிவமைத்த பெண்கள் வெறும் செவிவழிச் செய்தியாளர்களாகச் சுருங்கிப் போகிறார்கள்.

இதன் வேர் ஹ-த-ஸ. ‘ஹதஸ’ என்றால் நிகழ்ந்தது, புதிதாக உண்டானது என்று பொருள். செய்தி, பேச்சு என்னும் பொருளில் ‘ஹதீஸ்’ இதிலிருந்து பிறந்து, சமய வழக்கில் நபிமொழியைக் குறித்தது. தொழுகைக்கு முன் செய்யும் அங்கத் தூய்மையான ஒளூவை முறிக்கும் ‘ஹதஸ்’ என்பதும் இதே வேர்தான். நடு எழுத்து இரட்டித்து ‘ஹத்தஸ’ என்றானால் ‘எடுத்துரைத்தார்’ என்று பொருள். எடுத்துரைக்கும் ஆண் முஹத்திஸ், பெண் முஹத்திஸா. எழுதும்போது ‘தி’ தவறிவிடக் கூடாது. ‘முஹத்தஸ்’ என்றால் உள்ளத்தில் இறை உதிப்பு பெற்றவர் என்று பொருளே மாறிவிடும்.

கேட்டதைக் கேட்டபடி சொல்பவருக்கு அரபியில் ‘ராவி’ என்று தனிச்சொல் இருக்கிறது. நம் ‘அறிவிப்பாளர்’ அதற்குரியது. அறிவிப்பாளர் தொடரை அறிந்து, செய்தியின் தரத்தை எடைபோடத் தெரிந்தவரே முஹத்திஸ். பட்டமாக இச்சொல் நிலைபெற்றது பிற்காலத்தில்; பணியோ முதல் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது.

நபிகளின் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) வழியாக வந்தவை 2,210 நபிமொழிகள் என்பது மரபுக் கணக்கு. எனக்கு அந்த எண்ணிக்கையைவிட அவர் திருத்திய செய்திகளே பெரிதாகத் தெரிகின்றன. நாய், கழுதை, பெண் ஆகியோர் குறுக்கே போனால் தொழுகை முறிந்துவிடும் என்று அவர் முன்னிலையில் பேசப்பட்டது. எங்களை நாய்களுக்கும் கழுதைகளுக்கும் ஒப்பாக்கிவிட்டீர்களே என்று கடிந்துகொண்டார். நபி (ஸல்) அவர்களுக்கும் தொழும் திசையான கிப்லாவுக்கும் நடுவே தாம் கட்டிலில் படுத்திருக்க, அவர்கள் தொழுததைக் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னார். பெண் குறுக்கே போவதால் தொழுகை முறியாது என்பதே இன்று ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் (சட்ட வழிமுறைகளின்) நிலை. தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் இவற்றில் ஹனஃபி, ஷாஃபிஈ வழியினர்.

ஆயிஷாவிடம் வளர்ந்த மாணவி அம்ரா பின்த் அப்துர் ரஹ்மான். மதீனாவில் இரும்பு மோதிரங்களைத் திருடிய ஒருவரின் கையை வெட்டுவதற்காக, அங்கே அதிகாரத்தில் இருந்த அபூபக்ர் இப்னு முஹம்மத் இப்னு ஹஸ்ம் அவரைப் பிடித்து வைத்திருந்தார். அம்ரா இந்த அபூபக்ருக்குச் சிற்றன்னை முறை. செய்தி எட்டியதும் ஆளனுப்பினார்: அற்பப் பொருளுக்காகவா பிடித்து வைத்திருக்கிறாய்? கால் தீனாரோ (தீனார் என்பது பொற்காசு) அதற்கு மேலோ பெறுமானம் இருந்தால்தான் கைவெட்டு. அந்தச் சொல்லோடு கைதி விடுவிக்கப்பட்டார். இமாம் மாலிக்கின் ஹதீஸ் தொகுப்பான முவத்தா இதைப் பதிவு செய்திருக்கிறது. பின்னர் நபிமொழிகளை எழுதிவைக்க விரும்பிய கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ், அம்ராவிடம் உள்ள அறிவை எழுதுமாறு பணித்ததும் இதே அபூபக்ரைத்தான்.

ஆகவே, ஒரு தனிச் செய்தியின் கீழே பெயர் வரும்போது ‘அறிவிப்பாளர்’ என்று எழுதலாம். ஆளைப் பற்றி எழுதும்போது ‘நபிமொழி அறிஞர்’ அல்லது ‘ஹதீஸ்கலை அறிஞர்’ என்பதே தகும். ‘பெண்’ என்ற அடைமொழியும் தேவையில்லை. ‘அறிஞர்’ இரு பாலுக்கும் பொது. 11ஆம் நூற்றாண்டு மக்காவில் ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பைப் பாடம் நடத்திய கரீமா அல்மர்வஸிய்யாவை அப்படித்தான் குறிப்பிட வேண்டும். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர், பெயர்பெற்ற வரலாற்றாசிரியர் கத்தீப் அல்பக்தாதி.