மாட்டைக் கடிப்பது எந்த ஈ?

"எருக்குழிக்கு மருந்து அடிச்சாச்சு டாக்டர், ஈ மட்டும் குறையவே இல்லை." மழைக்காலம் முடிந்த கையோடு இந்தப் புகார் வந்துவிடும். செத்த ஈ ஒன்று இருந்தால் காட்டுங்கள் என்பேன்.

வீட்டு ஈ போலவே இருந்து, வாயிலிருந்து ஊசி மாதிரி ஒன்று முன்னால் நீட்டியிருந்தால், அது சாணத்திலும் மட்கிய வைக்கோலிலும் வளர்வது. எருக்குழியைக் கவனித்தால் குறையும். பெரும்பாலும் மாட்டின் கால்களில்தான் கடிக்கும்.

மான் ஈ எனப்படும் கிரைசாப்ஸ் வேறு ரகம். தலையையும் கழுத்தையும் சுற்றி வரும். கண்ணாடி போன்ற இறக்கையின் குறுக்கே பழுப்புப் பட்டை ஓடும்; உட்கார்ந்தால் இறக்கையைப் பாதி விரித்து முக்கோணமாக வைத்துக்கொள்ளும். கண் பச்சையும் பொன்னுமாக மின்னும், இடையிடையே கரும்புள்ளி. செத்துக் காய்ந்தால் அந்த நிறம் போய்விடும். போட்டோவை உடனே எடுத்துவிடுங்கள். இதே குடும்பத்து டபானஸ் இதைவிடப் பெரிது. சந்தேகம் வந்தால் லென்ஸில் பின்னங்காலைப் பாருங்கள்: கீழ்த்தண்டின் நுனியில் இரண்டு முள் இருந்தால் மான் ஈ, டபானஸுக்கு அவை இல்லை.

மான் ஈ, டபானஸ் இரண்டிலும் ரத்தம் குடிப்பது பெண் மட்டுமே. ஆணுக்குப் பூந்தேன் போதும். பெண் ஈ தோலைக் கத்தரித்து, ஊறும் ரத்தத்தை நக்கும். வலி தாங்காமல் மாடு வாலை வீச, பாதி வயிற்றோடு அடுத்த மாட்டுக்குப் பறக்கும். ஆபத்தே அங்கேதான். வாயில் ஒட்டிய ஈர ரத்தத்தில் சர்ரா என்ற கால்நடை நோயின் கிருமி சில நிமிடம் உயிரோடிருக்கும். 1880-ல் பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கிரிஃபித் எவான்ஸ் கண்டுபிடித்த கிருமி இது. சர்ராவைப் பரப்புவதில் டபானஸுக்குத்தான் பெரிய பங்கு. மனிதருக்கு வருவது அபூர்வம். 2004-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயிக்கு வந்தது.

சரி, எருக்குழி மருந்து ஏன் பலிக்கவில்லை? மான் ஈ முட்டையிடுவது நீரை ஒட்டிய செடிகளின் இலையில், நூற்றுக்கணக்கில். வெள்ளையாக இட்டது பிறகு கறுத்துவிடும். பொரிந்த புழு கீழே விழுந்து, குளத்தங்கரைச் சேற்றுக்குள் மாதக்கணக்கில் வளரும். அங்கே மருந்தடித்தால் மீன்தான் சாகும். நல்ல வெயிலில் கரையோரம் மேய்க்காமல் இருட்டான கொட்டகையில் கட்டுங்கள். இந்த ஈக்கள் இருட்டுக்குள் வரத் தயங்கும். ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வெள்ளைக் கோடு வரைந்து பார்த்தபோது கடிக்கும் ஈக்கள் பாதியாகக் குறைந்தன என்று 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. நம் ஊரில் யாரும் வரையப்போவதில்லை, அது வேறு விஷயம்.

விட்டுவிட்டுக் காய்ச்சல், வெளிறிய கண்சவ்வு, உடல் மெலிவு என்றால் அந்த மாட்டைத் தள்ளிக் கட்டிவிட்டுக் கூப்பிடுங்கள். காய்ச்சல் ஏறியிருக்கும்போது காது ரத்தத்தில் ஸ்லைடு எடுத்தால் கிருமி கண்ணில் பட வாய்ப்பு அதிகம். யாரோ சர்ரா ஊசி போட்டுவிட்ட பிறகு எடுக்கும் ஸ்லைடு பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.